கிளீவெக் வழக்கு: சென்னையில் தொடங்கிய ஒரு புற்றுநோய் மாத்திரையின் கதை

முதலில் இரண்டு எண்களைச் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு 1,20,000 ரூபாய். மாதத்துக்கு 8,000 முதல் 12,000 ரூபாய். 2000களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஒரே மருந்துக்கு இந்த இரண்டு விலையும் இருந்தன. மருந்தின் பெயர் இமாட்டினிப். முதல் விலை, அதை உருவாக்கிய சுவிட்சர்லாந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் 'கிளீவெக்' என்ற பெயரில் விற்றது. இரண்டாவது விலை, நாட்கோ, சிப்லா மாதிரியான இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரித்து விற்றது.

பத்து மடங்கு வித்தியாசம். ஏன் இவ்வளவு என்று கேட்டால், தரம் என்பார்கள் சிலர், ஆராய்ச்சிச் செலவு என்பார்கள் சிலர். உண்மையில் அந்த இரண்டாவது விலை இந்தியாவில் நிலைத்ததற்குக் காரணம், காப்புரிமைச் சட்டத்தில் உள்ள ஒரு சின்ன உட்பிரிவு. பிரிவு 3(டி). இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தத் தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தால், கதை இன்னும் அரை நூற்றாண்டு பின்னால் போகிறது. அதோடு, அதன் முக்கியமான திருப்பங்கள் பலவும் சென்னையில் நடந்திருக்கின்றன. அந்த இரண்டையும் இங்கே வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நோயும் மாத்திரையும்

சிஎம்எல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் ஒன்று உண்டு. 1960ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு இருவரும் இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். அது ஏன் குட்டையாக இருக்கிறது என்பதை 1973ல் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இரண்டு துண்டு ஒட்டிய இடத்தில் உருவாகும் புரதம், ரத்த வெள்ளையணுக்களைக் கட்டுப்பாடு இல்லாமல் பெருகச் சொல்கிறது. அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி.

அந்த சுவிட்சை மட்டும் அணைக்கும் மூலக்கூறுதான் இமாட்டினிப். சிபா-கெய்கி நிறுவனத்தில் யூர்க் சிம்மர்மன், நிக்கோலஸ் லைடன் முதலானோர் உருவாக்கினார்கள். (1996ல் சிபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது.) அமெரிக்காவின் ஒரிகானில் இருந்த பிரையன் டிரக்கர் என்ற மருத்துவர் விடாமல் வற்புறுத்தி, 1998ல் நோயாளிகளிடம் சோதனையைத் தொடங்க வைத்தார். 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

அதற்கு முன்னால் சிஎம்எல் வந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, இல்லையென்றால் இன்டர்ஃபெரான் ஊசி. பலருக்குச் சில வருடங்கள்தான் கணக்கு. இமாட்டினிப் வந்த பிறகு நடந்த முதல் பெரிய ஆய்வில், ஐந்து வருட முடிவில் சுமார் 89 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். புற்றுநோய் சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு மாதிரி மாத்திரை போட்டுக்கொண்டு வாழக்கூடிய விஷயமாக மாறியது.

ஆனால் ஒரு நிபந்தனை. மாத்திரையை நிறுத்தக் கூடாது. தினமும், பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க. எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியப்பா பத்து வருடத்துக்கு மேல் இதைச் சாப்பிட்டார். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அவர் விழுங்கியது இந்திய ஜெனரிக். மாதம் 1,20,000 என்ற விலை மட்டும் இருந்திருந்தால், முதல் மாதத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் எதை விற்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது மாதத்துக்கு விற்க எதுவும் இருந்திருக்காது.

அய்யங்கார் அறிக்கை

சரி, இந்திய நிறுவனங்கள் இந்த மருந்தை எப்படித் தயாரிக்க முடிந்தது?

சுதந்திரம் வந்தபோது நம்மிடம் இருந்தது 1911ஆம் ஆண்டு ஆங்கிலேயர் போட்ட காப்புரிமைச் சட்டம். அதன்படி மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வாங்கலாம். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்கள். அவர்கள் இங்கே தயாரிக்கவும் மாட்டார்கள், மற்றவர் தயாரிக்க விடவும் மாட்டார்கள். இறக்குமதி செய்து விற்பார்கள். 1950களின் கடைசியில் அமெரிக்க செனட்டர் கெஃபாவர் தலைமையில் நடந்த விசாரணை, மருந்து விலை மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாக இந்தியாவைக் குறிப்பிட்டது. ஏழை நாடு, ஆனால் மருந்து விலையில் முன்வரிசை.

சட்டத்தை ஆராய 1948ல் நீதிபதி டேக் சந்த் தலைமையில் ஒரு குழு. பிறகு 1957ல் அந்தப் பொறுப்பு நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரிடம் வந்தது. அப்போது அவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1959 செப்டம்பரில் அறிக்கையைக் கொடுத்தார்.

அய்யங்கார் கொள்கை முழக்கம் எதுவும் செய்யவில்லை. கணக்குப் போட்டார். இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டினர் கையில். அதிலும் 90 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் உற்பத்திக்கு வரவே இல்லை. காப்புரிமை என்பது ஒரு பேரம். கண்டுபிடித்தவருக்குச் சில காலம் தனியுரிமை, சமூகத்துக்கு அந்தத் தொழிலும் அறிவும். இங்கே சமூகம் தன் பங்கைக் கொடுத்துவிட்டது, பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. அதனால் உணவுக்கும் மருந்துக்கும் பொருள் காப்புரிமை வேண்டாம், தயாரிக்கும் முறைக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று பரிந்துரைத்தார்.

அறிக்கை சட்டமாக மாற பதினோரு வருடம் ஆனது. 1965ல் ஒரு மசோதா வந்து காலாவதியானது. 1967ல் இன்னொன்று. கடைசியில் 1970ல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மருந்து தயாரிக்கும் முறைக்கான காப்புரிமை அதிகபட்சம் ஏழு வருடம். வேறு முறையில் அதே மருந்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம்.

இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது இந்த வாசல் வழியாகத்தான். 2001ல் சிப்லா எச்ஐவிக்கான மூன்று மருந்துக் கூட்டை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவித்தது. அப்போது பணக்கார நாடுகளில் அதே சிகிச்சைக்கு வருடம் 10,000 டாலருக்கு மேல் ஆனது.

வாசல் குறுகுகிறது

1995 ஜனவரி 1. உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதோடு டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்து ஒப்பந்தமும் வந்தது. உறுப்பு நாடுகள் எல்லாத் துறைகளிலும் பொருள் காப்புரிமை கொடுக்க வேண்டும், மருந்தும் சேர்த்து. இந்தியாவுக்கு 2005 வரை அவகாசம்.

ஆனால் இடைப்பட்ட பத்து வருடத்தில் வரும் விண்ணப்பங்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைக்க வேண்டும், 2005ல் திறந்து பார்க்க வேண்டும். இதற்கு 'மெயில்பாக்ஸ்' என்று பெயர். அந்தக் காலத்தில் தகுதியுள்ள சில மருந்துகளுக்குத் தனி விற்பனை உரிமையும் தர வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று அமெரிக்கா வழக்குப் போட்டு, இந்தியா தோற்று, 1999ல் சட்டத்தைத் திருத்தியது.

இங்கேதான் இமாட்டினிப்பின் தேதிகள் முக்கியம். மூல மூலக்கூறுக்கான சிம்மர்மன் காப்புரிமை 1990களின் தொடக்கத்தில் வெளிநாடுகளில் விண்ணப்பிக்கப்பட்டது. 1995க்கு முந்தியது என்பதால் இந்தியாவில் அதற்கு வாய்ப்பே இல்லை. எனவே நோவார்ட்டிஸ் 1998 ஜூலையில் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் வேறொன்றுக்கு விண்ணப்பித்தது. இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் 'பீட்டா படிக வடிவம்'.

வேதியியல் பயமுறுத்தினால் சமையலறைக்கு வாருங்கள். சர்க்கரை இருக்கிறது, கற்கண்டு இருக்கிறது. படிகம் வேறு, கையில் எடுத்தால் வேறு மாதிரி, ஈரத்தில் பிசுபிசுப்பது கற்கண்டில் குறைவு. பாலில் கரைந்த பிறகு இரண்டும் ஒன்றே. பீட்டா படிகம் அதிக நிலைத்தன்மை கொண்டது, மாத்திரை செய்ய வசதியானது, அதெல்லாம் உண்மை. உடம்புக்குள் போய் வேலை செய்யும் மூலக்கூறு அதே இமாட்டினிப்தான்.

2003 நவம்பரில் நோவார்ட்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதை வைத்து இந்திய நிறுவனங்கள் மீது வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் சில நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் தடை விதிக்க மறுத்தது. தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை இது. சில நிறுவனங்கள் நிறுத்த வேண்டியிருந்தபோது, அவர்களுடைய மாத்திரையை நம்பி இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! மும்பையில் இயங்கும் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் இந்தப் போராட்டத்துக்குள் வந்த பின்னணி இதுதான்.

3(டி) பிறந்த கதை

2004 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து பொருள் காப்புரிமையை அனுமதித்தது. அதை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற மன்மோகன் சிங் அரசுக்கு இடதுசாரிகளின் ஆதரவு தேவை. நோயாளி அமைப்புகளும் எச்ஐவி செயல்பாட்டாளர்களும் வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தார்கள். இந்திய மருந்தை நம்பியிருந்த மற்ற நாடுகளிலிருந்தும் கவலை வந்தது. பேரம் பேசி 2005 மார்ச்சில் சட்டம் வந்தபோது, அதில் சில பாதுகாப்புகள் சேர்ந்திருந்தன.

ஒன்று, காப்புரிமை கொடுக்கும் முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். போட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை, நோயாளிகள் சங்கம்கூடப் போடலாம். இன்னொன்று, பிரிவு 3(டி). ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தால், பழையதைவிட அதன் செயல்திறன் கூடியிருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது. உப்பு, படிக வடிவம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

மருந்து உலகில் ஒரு பழைய உத்தி உண்டு. முதல் காப்புரிமை முடியப் போகும்போது உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி இன்னொரு இருபது வருடத்துக்கு மனு போடுவது. எவர்கிரீனிங் என்பார்கள். 3(டி) அந்தக் கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள்.

சென்னை

2005ல் மெயில்பாக்ஸ் திறந்தது. நோயாளிகள் சங்கமும் நாட்கோ, சிப்லா, ரான்பாக்ஸி, ஹெட்டெரோ ஆகிய நிறுவனங்களும் எதிர்ப்பு மனு போட்டன. 2006 ஜனவரி 25 அன்று சென்னை காப்புரிமை அலுவலகத்தின் உதவிக் கட்டுப்பாட்டாளர் வி. ரெங்கசாமி விண்ணப்பத்தை நிராகரித்தார். ஓர் அரசு அலுவலகத்தில், உதவி நிலையில் இருந்த அதிகாரி ஒருவர் போட்ட உத்தரவு. அடுத்த ஏழு வருடம் உலகம் முழுக்க விவாதிக்கப்பட்டது.

நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உத்தரவை மட்டும் எதிர்க்கவில்லை, சட்டப்பிரிவையே எதிர்த்தது. 3(டி) டிரிப்ஸுக்கு முரண், 'செயல்திறன்' என்பதற்குத் தெளிவான விளக்கம் இல்லாததால் அரசியல் சாசனத்தின் 14ஆவது பிரிவுக்கும் முரண் என்றது. வழக்கைக் கைவிடச் சொல்லி உலகெங்கும் 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் தீர்ப்பளித்தார்கள். டிரிப்ஸுக்கு முரணா என்று பார்ப்பது இந்த நீதிமன்றத்தின் வேலை இல்லை, அதற்கு உலக வர்த்தக அமைப்பில் தனி ஏற்பாடு இருக்கிறது. 14ஆவது பிரிவுக்கு முரணும் இல்லை.

அடுத்தது அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம். அதன் தலைமையகமும் சென்னைதான். 2009 ஜூனில் வாரியம், இது புதியதுதான், கண்டுபிடிப்புத்தன்மையும் உண்டு, ஆனால் 3(டி)யைத் தாண்டவில்லை என்று சொல்லிப் பொருள் காப்புரிமையை மறுத்தது. உட்பிரிவு இல்லையென்றால் நோவார்ட்டிஸ் இந்தக் கட்டத்திலேயே ஜெயித்திருக்கும். அந்த ஒரு பத்தியின் எடை என்ன என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

டெல்லி

2013 ஏப்ரல் 1. நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

தீர்ப்பின் மையத்தில் இரண்டு விஷயங்கள். முதலாவது, மெசிலேட் உப்பு ஏற்கெனவே சிம்மர்மன் காப்புரிமைக்குள் அடங்கியது. நோவார்ட்டிஸ், "அந்தக் காப்புரிமை உப்பையும் உள்ளடக்கும், ஆனால் உப்பை வெளிப்படுத்தவில்லை" என்று வாதிட்டது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் கிளீவெக்குக்கான காப்புரிமைக் காலத்தை நீட்டிக்கக் கேட்டபோது காட்டியதே சிம்மர்மன் காப்புரிமையைத்தான். பிரிட்டனில் நாட்கோவின் மாத்திரையை நிறுத்த வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் அதை வைத்துத்தான். அங்கே 'எங்களுடையது பழசு' என்றும், இங்கே 'எங்களுடையது புதுசு' என்றும் சொல்ல முடியாதே.

இரண்டாவது, செயல்திறன் என்ற சொல். பீட்டா படிகம் உடலில் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று நோவார்ட்டிஸ் சொன்னது. மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன் என்று நீதிமன்றம் வரையறுத்தது. கூடுதலாக உறிஞ்சப்படுவதால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்று தரவோடு நிரூபிக்க வேண்டும், அந்தத் தரவு இங்கே இல்லை. அதே நேரம், படிப்படியான எல்லா மேம்பாட்டுக்கும் கதவை மூடிவிட்டதாக இதைப் புரிந்துகொள்ளக் கூடாது என்றும் தீர்ப்பு எச்சரிக்கிறது. இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அதே 2013ல் அமெரிக்காவில் ஒரு சம்பவம். சிஎம்எல் நிபுணர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து 'பிளட்' மருத்துவ இதழில் விலையை எதிர்த்து எழுதினார்கள். 2001ல் வருடம் சுமார் 30,000 டாலராக இருந்த மருந்து 2012ல் 92,000 டாலர் ஆகியிருந்தது. மருந்து பழசாக ஆக விலை ஏறியிருக்கிறது.

நிறுவனத்தின் பக்கம்

நோவார்ட்டிஸ் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருந்தது. இந்தியாவில் கிளீவெக் சாப்பிடுகிறவர்களில் 95 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 16,000 பேருக்கு, இலவசமாகவே கொடுக்கிறோம் என்றது நிறுவனம். அந்த மாத்திரையால் உயிரோடு இருந்தவர்கள் உண்மையான மனிதர்கள். அவர்களுக்கு இந்த வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்பது முக்கியமாக இருந்திருக்காது. கண்டுபிடித்தவருக்கு வருமானம் இல்லாவிட்டால் அடுத்த மருந்து எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

இருந்தாலும் எனக்கு ஒரு வேறுபாடு முக்கியமாகப் படுகிறது. இலவசத் திட்டத்தில் சேர வருமானச் சான்று வேண்டும், தகுதி வேண்டும், நிறுவனம் தொடர்ந்து விரும்ப வேண்டும். 8,000 ரூபாய் மாத்திரைக்கு மருந்துச் சீட்டு போதும். ஒரு மாநில அரசோ ஒரு தர்ம ஆஸ்பத்திரியோ ஆயிரம் பேருக்கு மருந்து வாங்கத் திட்டம் போட வேண்டுமென்றால், அதற்கு ஒரு விலை வேண்டும். அந்த விலை அவர்கள் பட்ஜெட்டுக்குள் வர வேண்டும். தானத்தை வைத்துப் பொதுச் சுகாதாரத் திட்டம் போட முடியாது.

தீர்ப்புக்குப் பிறகு

2013 தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அது தவறு.

3(டி) தடுப்பது பழைய மருந்தின் புதிய வேஷத்தை மட்டும். 1995க்குப் பிறகு வந்த, உண்மையிலேயே புதிய மூலக்கூறுக்குக் காப்புரிமை கொடுத்தே ஆக வேண்டும். அங்கே மிச்சம் இருப்பது கட்டாய உரிமம் என்ற ஆயுதம். காப்புரிமை கொடுத்து மூன்று வருடம் கழித்தும் மருந்து மக்களுக்குப் போதுமான அளவில், வாங்கக்கூடிய விலையில் கிடைக்காவிட்டால், வேறொருவருக்குத் தயாரிக்கும் உரிமை தரலாம். 2012 மார்ச்சில் அது பயன்பட்டது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான பேயர் நிறுவனத்தின் நெக்சவார் மாதம் 2,80,428 ரூபாய். நாட்கோ 8,880 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லி உரிமம் பெற்றது, பேயருக்கு ராயல்டி 6 சதவீதம். 2013 மார்ச்சில் மேல்முறையீட்டு வாரியம் அதை உறுதி செய்து, ராயல்டியை 7 சதவீதமாக்கியது. அப்போது வாரியத்தின் தலைவர், 2007 தீர்ப்பில் இருந்த அதே பிரபா ஸ்ரீதேவன். (ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவர்தான்.)

அதன் பிறகு? சிஎம்எல் நோயாளிக்கு இமாட்டினிப் வேலை செய்யாமல் போனால் கொடுக்கும் அடுத்த மருந்துகளில் ஒன்று டாசாட்டினிப். அதற்குக் கேட்கப்பட்ட கட்டாய உரிமம் 2013லேயே நிராகரிக்கப்பட்டது. காப்புரிமையாளரிடம் முறையாகப் பேச்சுவார்த்தை நடத்தவில்லை என்பது காரணம். விண்ணப்பதாரர் கேட்டுக் கிடைத்த கட்டாய உரிமம் என்று இந்தியா சுட்டிக்காட்ட முடிந்தது நெக்சவார் ஒன்றைத்தான். மேல்முறையீட்டு வாரியமே 2021ல் கலைக்கப்பட்டுவிட்டது.

அரசு வேறு சில வழிகளையும் எடுத்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவு. 2024 பட்ஜெட்டில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கு. இரண்டும் நல்லதுதான். ஆனால் வரியைக் குறைத்தால் விலை சில சதவீதம் இறங்கும், போட்டியாளர் வந்தால் விலை பத்தில் ஒரு பங்கு ஆகும். இமாட்டினிப் காட்டியது அதைத்தான்.

2015ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இமாட்டினிப்பைச் சேர்த்தது. ஒரு காலத்தில் பணக்கார நாட்டு அதிசயமாக இருந்த மாத்திரை, எந்த நாட்டு அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டிய மருந்தாகக் கருதப்படும் இடத்துக்கு வந்திருக்கிறது.

இப்போது புற்றுநோய்க்கு வரும் புதிய மருந்துகள் பலவும் உயிரியல் மருந்துகள். நகல் எடுப்பது கடினம், அனுமதி வாங்கவே பெரும் செலவு. அய்யங்கார் காலத்துக் கணக்கை இவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி பொருந்தும்: இந்தப் பேரத்தில் நாம் கொடுப்பது என்ன, நமக்கு வருவது என்ன? வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் மருந்துத் தரவுப் பாதுகாப்பு, காப்புரிமைக் கால நீட்டிப்பு போன்ற சொற்கள் அவ்வப்போது தலைகாட்டும். செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் ஒரு மூலையில் இருக்கும். அடுத்த முறை கண்ணில் பட்டால் தாண்டிப் போகாமல் படியுங்கள். 3(டி)யும் ஒரு காலத்தில் அப்படி ஒரு மூலைச் செய்திதான்.